வீட்டுக்கு நாடி பார்த்தார்கள்!

நம் ஊரில் வீடு வாங்கப் போகிறவர்கள் கூட யாரை அழைத்துப் போவார்கள்? முதலில் மனைவியை. பிறகு வாஸ்து தெரிந்த பெரியவர் ஒருவரை. கடைசியில் பத்திரம் பார்க்க ஒரு வக்கீலை. மொட்டை மாடியில் ஏறித் தண்ணீர் எங்கே தேங்குகிறது, சாக்கடை எங்கே போகிறது, சுவரில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒருவரை அழைத்துப் போகிற வழக்கம் நம்மிடம் குறைவு. முப்பது வருஷம் ஓவர்சியராக வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். வீடு வாங்கி, பால் காய்ச்சி, முதல் மழையும் பெய்த பிறகுதான் என்னைத் தேடி வருவார்கள். "ஸார், ஒரு நடை வந்து பாருங்கள், சுவரெல்லாம் ஊறுகிறது" என்பார்கள். அப்போது பார்த்து என்ன லாபம்?

அமெரிக்காவில் இந்த வரிசையே வேறு. விலை பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு நாடி பார்க்க ஓர் ஆள் வருகிறார். அவர் நோய்களை வரிசையாக எழுதிக் கொடுத்ததும் இரண்டாவது பேரம் ஒன்று ஆரம்பமாகிறது. முதல் பேரம் விலையைப் பற்றியது. இரண்டாவது பேரம் ரிப்பேரைப் பற்றியது. மனிதர்களின் குணம் முதல் பேரத்தைவிட இரண்டாவதில்தான் நன்றாகத் தெரிகிறது. அதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் சந்தர்ப்பம் 2024ஆம் வருஷம் எனக்குக் கிடைத்தது.

அந்த வருஷம் ஏப்ரலில் நானும் என் மனைவியும் நியூஜெர்ஸி மாநிலத்தில் இருக்கும் மகளிடம் போயிருந்தோம். மகளும் மாப்பிள்ளையும் ஏழு வருஷமாக அடுக்கு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். பேரனுக்கு ஐந்து வயது. இரண்டாவது குழந்தை ஆகஸ்டில் பிறக்க வேண்டும். சனி ஞாயிறு வந்தால் வீடு பார்ப்பதே வேலை. பிடித்த வீடு விலைக்கு எட்டாது. விலைக்கு எட்டிய வீட்டை இவர்கள் யோசித்து முடிப்பதற்குள் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். இப்படி நான்கு வீடுகள் கை நழுவிப் போன பிறகு, எடிசன் நகருக்குப் பக்கத்தில் ஐந்தாவது வீடு ஒன்று படிந்தது.

எடிசன் என்றால் மின்சார பல்பு எடிசனேதான். 1879ல் அவர் பல்பை எரிய வைத்த மென்லோ பார்க் இந்த நகரத்துக்குள் இருக்கிறது. இன்று அங்கே பல்புக்குச் சமமாக இட்லிக்கும் பிரசித்தி உண்டு. அவ்வளவு நம்மவர்கள்!

வீடு 1955ல் கட்டியது. கீழே நிலவறை, நடுவில் கூடமும் சமையலறையும், மேலே சாய்வுக் கூரைக்கு அடியில் இரண்டு படுக்கையறைகள். வாசலில் அஸேலியா செடி ஒன்று ரோஜா நிறத்தில் பூத்துக் குலுங்கியது. விலை 5,20,000 டாலர். சேமிப்பு முழுவதும் முன்பணத்துக்குப் போய்விடும். மிச்சம் முப்பது வருஷ பாங்குக் கடன்.

"அப்பா, ஓவர்சியர் கண்ணோடு பார்க்காதீர்கள். பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்" என்றாள் மகள்.

பழக்கம் விடுமா? சுவரைத் தட்டினேன். காலிப் பெட்டியைத் தட்டினாற்போல் 'டொக் டொக்' என்றது. "ஐயோ, உள்ளே ஒன்றுமே இல்லையே!" என்று திடுக்கிட்டேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "மாமா, இங்கே வீடெல்லாம் இப்படித்தான். மரச் சட்டம், அதன் மேல் ஜிப்ஸம் பலகை."

முப்பது வருஷ அனுபவம் ஒரே தட்டில் காலாவதியாகிவிட்டது. நியாயம்தான், அந்த ஊர் வீட்டுக்கு அந்த ஊர் வைத்தியர்தான் நாடி பார்க்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஏணியும் டார்ச்சும்

நியூஜெர்ஸியில் ஒப்பந்தம் கையெழுத்தானதும் மூன்று வேலை நாட்கள் இரண்டு பக்கத்து வக்கீல்களும் அதைப் பார்ப்பதற்கு அவகாசம் உண்டு. அது முடிந்ததும் பரிசோதனைக்கென்று ஒப்பந்தத்தில் குறித்த கெடு ஓட ஆரம்பிக்கும். அந்தக் கெடுவுக்குள் வீட்டைப் பரிசோதித்து, குறைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெரிய குறைகளுக்கு வழி பிறக்காவிட்டால் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகிவிடலாம். கெடு தாண்டிவிட்டால் வாயைத் திறக்க முடியாது.

பரிசோதகர் என்பது அங்கே தனித் தொழில். அமெரிக்க வீட்டுப் பரிசோதகர் சங்கம் 1976ல் ஏற்பட்டது. நோயைச் சொல்கிறவரே மருந்துக் கடையும் வைத்திருந்தால் என்ன ஆகும்? ஆகையால், தாம் பரிசோதித்த வீட்டின் ரிப்பேர் வேலையைத் தாமே எடுத்துக்கொள்வது அந்தச் சங்கத்தின் நெறிகளுக்கு விரோதம். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வந்தவர் ஐம்பது வயது மனிதர். ஏணி, டார்ச், சுவருக்குள் ஈரம் இருக்கிறதா என்று காட்டும் கருவி, சூடு குளிர்ச்சியை நிறமாகக் காட்டும் காமிரா எல்லாம் கொண்டுவந்திருந்தார். கூரையில் ஆரம்பித்தார். புகைபோக்கி கூரையோடு சேரும் இடத்தில் தகரம் விட்டிருந்தது. கூரைத் தண்ணீரைக் கீழே கொண்டுவரும் குழாய்கள் சுவரின் காலடியிலேயே தண்ணீரைக் கொட்டின. பிளக் பாயிண்ட் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கருவியைச் செருகிப் பார்த்தார். மேல் மாடியில் பாதிக்கு எர்த் இல்லை. எடிசன் பெயர் கொண்ட ஊருக்குப் பக்கத்திலேயே இப்படி! வெந்நீர்த் தொட்டிக்கு வயது பதினாறு. நிலவறைப் படிக்குக் கைப்பிடி இல்லை. மேல் படுக்கையறைக் கதவின் குமிழ் ஆடியது. எதையும் அவர் நல்லது கெட்டது என்று சொல்லவில்லை. பார்த்தார், படம் எடுத்தார், எழுதினார்.

1978க்கு முன் கட்டிய வீடுகளுக்கு அங்கே இன்னொரு கவலையும் உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் சேர்ப்பது அந்த வருஷம்தான் தடை செய்யப்பட்டது. உதிரும் பழைய பெயிண்டைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயத்தைப் பற்றித் தெரிந்ததை விற்பவர் எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும், சோதித்துப் பார்க்க வாங்குபவருக்குப் பத்து நாள் தர வேண்டும் என்றும் 1992ல் சட்டம் வந்தது. நல்ல வேளை, இந்த வீட்டில் பெயிண்ட் எங்கும் உதிரவில்லை.

தரைக்குள்ளிருந்து வரும் வாயு

போகும்போது நிலவறையில் ஒரு சிறு பெட்டியை வைத்துவிட்டுப் போனார் பரிசோதகர். ஜன்னல் கதவுகளை மூடி வைத்து இரண்டு நாள் அது அங்கேயே இருக்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். "ரேடான்" என்றார் மாப்பிள்ளை.

ரேடான் நிறமும் மணமும் இல்லாத வாயு. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து பிறக்கிறது. திறந்த வெளியில் காற்றோடு கலந்து போய்விடும். குளிருக்காக மூடிய வீட்டில், அதிலும் நிலவறையில், தங்கிவிடும். அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகை பிடிப்பதற்கு அடுத்த காரணம் இதுதான். வருஷத்துக்குச் சுமார் 21,000 பேர் இதனால் இறப்பதாக அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

இந்த ஆபத்து ஜனங்களுக்குத் தெரியவந்த கதை விசித்திரமானது. பென்ஸில்வேனியா மாநிலத்தில் லிமெரிக் என்ற இடத்தில் அணுமின் நிலையம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். 1984 டிசம்பரில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற இன்ஜினீயர் அங்கே கதிரியக்கம் காட்டும் வாசலைத் தாண்டியதும் அபாய மணி அடித்தது. வேலை முடிந்து வெளியே போகும்போது அடித்தால் புரிந்துகொள்ளலாம். இவருக்கோ காலையில் உள்ளே வரும்போதே அடித்தது! விஷம் இருந்தது நிலையத்தில் அல்ல, அவர் வீட்டில். அங்கே ரேடான் 2,700 பைகோகியூரிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு லிட்டர் காற்றில் 4 வந்தாலே நடவடிக்கை எடு என்பதுதான் இன்றைய பரிந்துரை.

எங்கள் வீட்டுப் பெட்டி 6.8 என்றது. பயந்துவிட வேண்டாம், இதற்கு வைத்தியம் சுலபம். நிலவறைத் தரையில் துளை போட்டு ஒரு குழாயை இறக்கி, அதைக் கூரைக்கு மேலே கொண்டுபோய், நடுவில் ஒரு விசிறியைப் பொருத்திவிட்டால் வாயு வீட்டுக்குள் வராமல் வெளியே போய்விடும். செலவு 1,500 டாலர் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டு செப்புக் குழாய்கள்

உண்மையான இடி வேறு இடத்திலிருந்து வந்தது. நிலவறைச் சுவரின் அடியில் விரல் தடிமனில் இரண்டு செப்புக் குழாய்கள் நுனி நசுக்கப்பட்டு நீட்டிக்கொண்டிருந்தன. நான் அதைக் கவனிக்கவே இல்லை. பரிசோதகர் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு வெளியே போய் அஸேலியா செடியை விலக்கினார். அதன் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நின்றது. "எண்ணெய்த் தொட்டி" என்றார்.

அந்தக் காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரித்தார்கள். 275 காலன், 550 காலன் கொள்ளும் இரும்புத் தொட்டிகளைத் தோட்டத்தில் புதைத்து வைத்தார்கள். பிறகு காஸ் வந்தது. பலர் காஸுக்கு மாறினார்கள். தொட்டியை மண்ணுக்குள் மறந்தார்கள். இரும்பு சும்மா இருக்குமா? துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் மிச்ச எண்ணெய் மண்ணில் இறங்கும், நிலத்தடி நீருக்கும் போகும். காலித் தொட்டியை எடுக்கச் சில ஆயிரம் டாலர் போதும்; ஒழுகிய தொட்டி என்றால் மண்ணைத் தோண்டி அகற்றும் செலவு பல பதினாயிரங்களுக்குப் போகும். அந்தப் பொறுப்பு அப்போது யார் வீட்டுக்குச் சொந்தக்காரரோ அவர் தலையில் விடியும். நியூஜெர்ஸியில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு இதுதான் சிம்ம சொப்பனம். உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு ஓர் ஆள் வந்து தோட்டத்தைத் தடவினார். செடிக்கு நேர் கீழே கருவி கத்தியது.

"நாற்பத்திரண்டும் வேண்டும்!"

மறுநாள் அறிக்கை வந்தது. 46 பக்கம், 42 குறைகள், ஒவ்வொன்றுக்கும் படம். கூரையிலிருந்து தரைவரை வரிசையாக எழுதியிருந்தது. எண்ணெய்த் தொட்டி 31வது குறை.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கணக்கர். 42 குறை என்றால் அவருக்கு 42 உருப்படி. "எல்லாவற்றையும் கேட்போம் மாமா. பாதியாவது கிடைக்கும்" என்றார்.

வக்கீல் ஒரு அம்மாள். "வேண்டாம், அப்படிக் கேட்டால் எதுவுமே கிடைக்காது" என்று எச்சரித்தார். கட்சிக்காரர் பிடிவாதம் பிடித்தால் வக்கீல் என்ன செய்வார்? 42ம் போயிற்று.

இரண்டே நாளில் பதில் வந்தது. ஒரே வரி: வீட்டை உள்ளபடியே விற்க முடியும், எதையும் ரிப்பேர் செய்ய முடியாது. போதாததற்கு, இவர்களுக்கு அடுத்தபடியாக விலை சொன்னவர் இன்னும் காத்திருக்கிறார் என்று தரகர் காதில் போட்டார்.

விற்பவர் ஒரு மூதாட்டி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கணவர் போன வருஷம் காலமாகிவிட்டார். நாற்பது வருஷம் அந்த வீட்டில் குடும்பம் நடத்திவிட்டு, ஃப்ளோரிடாவில் இருக்கும் மகளிடம் போகிறார். தரகர் சொன்ன இன்னொரு விஷயம் மாப்பிள்ளையைச் சங்கடப்படுத்தியது. கடிதத்தின் முதல் பக்கத்தில், "படுக்கையறைக் கதவுக் குமிழ் ஆடுகிறது" என்று படித்ததும் அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டதாம். அதற்குப் பிறகு அவர் படிக்கவே இல்லை. 31வது குறை அவர் கண்ணிலேயே படவில்லை!

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் நாற்பது வருஷம் இருந்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் யாரோ வந்து 42 குற்றம் எழுதிக் கொடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் நடை, மூக்கு, காது என்று பட்டியல் போட்ட மாதிரிதானே?

அன்று மாலை வக்கீல் அம்மாள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். அவர் சொன்னதை நான் என் டைரியில் குறித்துக்கொண்டேன்.

குறைகளை மூன்று கூறாகப் பிரியுங்கள் என்றார். விலை பேசும்போதே உங்கள் கண்ணில் பட்டவை முதல் கூறு: பழைய சமையலறை, ஆடும் குமிழ், வெந்நீர்த் தொட்டியின் வயது. இவற்றைப் பார்த்துவிட்டுத்தானே விலை சொன்னீர்கள்? இவற்றை விட்டுவிடுங்கள். மறைந்திருந்தாலும் செலவு இவ்வளவு என்று அளந்து சொல்லக்கூடியவை இரண்டாம் கூறு: ரேடான், எர்த் இல்லாத கம்பிகள், புகைபோக்கித் தகரம். இவற்றுக்கு வேலையைக் கேட்காதீர்கள், பணத்தைக் கேளுங்கள். வீட்டை விட்டுப் போகிறவர் மலிவான ஆளைத்தான் வைத்துச் செய்வார். செலவு எவ்வளவு ஆகும் என்றே தெரியாதவை மூன்றாம் கூறு. எண்ணெய்த் தொட்டி அந்த ரகம். அதற்குப் பணம் வாங்கிக்கொண்டால் ஏமாந்து போவீர்கள். கிரயத்துக்கு முன் அவர்களே எடுத்து, மண் சுத்தம் என்று அத்தாட்சி தரவேண்டும்.

பணம் வாங்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விலையில் 3,000 டாலர் குறைத்தால், ஆறரை வட்டியில் முப்பது வருஷக் கடனுக்கு மாதத் தவணை 20 டாலர்கூடக் குறையாது. அதையே கிரயம் முடிக்கும் நாளில் செலவுக் கணக்கில் கழித்துக்கொண்டால், உடனே ரிப்பேர் செய்யக் கையில் ரொக்கம் மிஞ்சும். இதற்கு பாங்க் ஒரு வரம்பு வைத்திருக்கும். அதை முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேய் வீட்டு வழக்கு

"தொட்டி இருப்பதை அந்த அம்மாள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பழைய ஆங்கிலச் சட்டம், 'வாங்குகிறவனே, ஜாக்கிரதை!' என்பதோடு நிறுத்திக்கொண்டது. அதை அசைத்த வழக்குகளில் ஒன்று பேயைப் பற்றியது.

நியூயார்க் மாநிலத்தில் ஹட்ஸன் நதிக்கரையில் நயாக் என்று ஓர் ஊர். அங்கே ஒரு மாளிகையில் பேய்கள் உலாவுவதாக அதன் சொந்தக்காரி ஹெலன் ஆக்லி பத்திரிகைகளில் பெருமையாகச் சொல்லியிருந்தார். நியூயார்க் நகரத்திலிருந்து வந்த ஸ்டாம்பாவ்ஸ்கி என்பவருக்கு இது தெரியாது. 6,50,000 டாலருக்கு விலை பேசி 32,500 டாலர் முன்பணமும் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் வழக்குப் போட்டார். 1991ல் மேல் கோர்ட்டு என்ன சொன்னது தெரியுமா? பேய் இருப்பதாக ஊருக்கெல்லாம் சொன்னவர் இப்போது இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே சட்டப்படி அது பேய் வீடுதான்! எவ்வளவு கவனமாகப் பரிசோதித்தாலும் வாங்குகிறவர் பேயைக் கண்டுபிடித்திருக்க முடியாது, அதனால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்று தீர்ப்பளித்தது.

சிரிப்புக்கு இடமான வழக்குதான். ஆனால் அதில் இருக்கும் நீதி சிரிப்பல்ல. விற்பவருக்குத் தெரிந்தது, வாங்குபவர் பார்த்தாலும் தெரியாதது எதுவோ, அதை மறைக்கக் கூடாது. இப்போது பல மாநிலங்களில் இதற்கென்று படிவமே இருக்கிறது. நியூஜெர்ஸியில் 2024 மார்ச்சிலிருந்து வெள்ளம் புகுந்த வீடா என்பதையும் எழுதித் தரவேண்டும். நம் மூதாட்டியும் படிவத்தைப் பூர்த்தி செய்திருந்தார். புதைத்த தொட்டி உண்டா என்ற கேள்விக்கு, 'தெரியாது' என்று குறித்திருந்தார்.

ஐந்தாவது வீடும் போகுமா?

அன்று இரவு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. "தொட்டியையும் நாமே பார்த்துக்கொள்ளலாமா? இந்த வீட்டையும் விட்டால் குழந்தை பிறப்பதற்குள் இன்னொன்று கிடைக்காது" என்றார் மாப்பிள்ளை.

அந்த வீட்டின் மேல் அதிக ஆசை வைத்தவள் என் மகள். குழந்தைக்கு எந்த அறை, தொட்டில் எந்த மூலையில் என்பதுவரை தீர்மானித்து வைத்திருந்தாள். அவள்தான் சொன்னாள்: "தொட்டியை அவர்கள் எடுக்காவிட்டால் வீடு வேண்டாம். ஒழுகியிருந்தால் நம்மிடம் கொடுக்கப் பணம் இல்லை. இல்லாத பணத்தை வைத்து எப்படிச் சூதாடுவது?"

கூடம் நிசப்தமாயிற்று. ஆசைப்பட்டவளே விட்டுவிடத் தயாராகிவிட்ட பிறகு, பேரம் பேசுவதற்குத் தைரியம் தானாக வந்துவிட்டது. விலகிக்கொள்ளும் உரிமைக்குத்தான் இந்தப் பேரத்தில் பலம். 2020க்குப் பிறகு வீட்டுக்குப் போட்டி முற்றியபோது, பரிசோதனையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வீடு பிடித்தவர்கள் அநேகம் பேர். அவர்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டவர்கள். இதைத் தடுக்க மாஸச்சூஸெட்ஸ் மாநிலம் 2025 அக்டோபரில் ஒரு விதியே கொண்டுவந்தது. பரிசோதனையைக் கைவிட்டால்தான் விற்பேன் என்று அங்கே நிபந்தனை போடக் கூடாது.

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். முதல் கடிதத்துக்கு வருத்தம் தெரிவித்து, 38 குறைகளைக் கைவிட்டிருந்தது. தொட்டியை எடுத்து மண்ணைச் சோதித்துத் தர வேண்டும். ரேடான், கம்பி, தகரம் மூன்றுக்கும் 6,500 டாலர் கழிக்க வேண்டும். வேலைக்காரர்கள் கொடுத்த மதிப்பீட்டுக் காகிதங்களையும், செப்புக் குழாய்களின் படத்தையும் இணைத்திருந்தார்கள்.

மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் வந்தது. தாங்கள் வாங்கிய சில வருஷத்தில் காஸுக்கு மாறியதாகவும், தொட்டியை என்ன செய்தார்கள் என்று கணவரைக் கேட்கத் தமக்குத் தோன்றவில்லை என்றும் அந்த அம்மாள் எழுதியிருந்தார். தொட்டியை எடுத்துத் தருகிறேன். 4,500 கழித்துக்கொள்ளுங்கள் என்றார். முடிவில் 5,500க்குப் படிந்தது. கிரய நாள் இரண்டு வாரம் தள்ளிப் போயிற்று.

தொட்டி எடுக்கும் நாளன்று நானும் போய் எதிர் நடைபாதையில் நின்றுகொண்டேன். ஓவர்சியர் புத்தி! நகரசபை அநுமதியோடு மண்ணைத் தோண்டி, தொட்டியின் மேல்புறத்தை வெட்டித் திறந்து, உள்ளே துடைத்துச் சுத்தம் செய்தார்கள். பிறகு சங்கிலி கட்டித் தூக்கினார்கள். எழுபது வருஷ இரும்பு. அடிப்புறம் முழுவதும் துரு. நகரசபைப் பரிசோதகர் சுற்றிச் சுற்றி வந்து சுத்தியலால் சுரண்டிப் பார்த்தார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓட்டை இல்லை! மண் சோதனை முடிவும் ஒரு வாரத்தில் வந்தது. சுத்தம். இன்னும் சில வருஷம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, யார் கண்டார்கள்?

கடைசிப் பார்வை

கிரயத்துக்கு முன் வீட்டை ஒரு தடவை சுற்றிப் பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. ஜூன் மாதக் கடைசியில் போனோம். வீடு காலி. சமையலறை மேடையில் சாவிகள் ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி வைத்திருந்தது. குப்பை வண்டி என்றைக்கு வரும், எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்றெல்லாம் ஒரு காகிதத்தில் நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருந்தது. வாசலில் தோண்டிய இடத்தைச் சமன் செய்து, அஸேலியாவை அதே இடத்தில் மீண்டும் நட்டிருந்தார்கள்.

மாடிக்குப் போன மாப்பிள்ளை, "மாமா, இங்கே வாருங்கள்!" என்று கூப்பிட்டார். படுக்கையறைக் கதவுக் குமிழைப் பிடித்துத் திருகிக் காட்டினார். ஆடவில்லை. நாங்கள் கைவிட்ட 38 குறைகளில் ஒன்று அது. அந்த அம்மாள் யாரும் கேட்காமலே சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார்.

நம் ஊருக்கு

இதெல்லாம் அமெரிக்கச் சமாசாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். அப்படி இல்லை. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55வது பிரிவு நம் நாட்டில் இன்றும் அமலில் இருக்கிறது. தமக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. நயாக் பேய்க்கு நூறு வருஷம் முந்திய சட்டம்! கட்டுமானக் கம்பெனியிடம் புது ஃப்ளாட் வாங்குகிறவர்களுக்கு 2016ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டடத்தில் குறை தெரிவித்தால், முப்பது நாளில் கம்பெனி தன் செலவில் சரிசெய்து தர வேண்டும்.

சட்டம் இருக்கிறது, வழக்கம்தான் இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு கட்டட இன்ஜினீயரையோ, கைதேர்ந்த மேஸ்திரியையோ அழைத்துப் போங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். தளத்தின் அடிப்புறத்தில் சிமெண்டு உதிர்ந்து கம்பி தெரிகிறதா, கழிவு நீர் எங்கே போகிறது, கிணறோ பழைய தொட்டியோ மூடிய இடம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். கண்டதை எழுதி வாங்குங்கள். எதை விற்பவர் செய்து தர வேண்டும், எதற்குப் பணம் கழிக்க வேண்டும் என்பதைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மீதியை விட்டுவிடுங்கள்.

முக்கியமாக, கதவுக் குமிழைக் கடிதத்தின் முதல் பக்கத்தில் எழுதாதீர்கள்!